ஹேக்கத்தானும் புதுநிரலரும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினி நிரல் எழுதுவோர் பலர் ஓரிடத்துக் கூடி, ஒரு நாளோ இரு நாளோ இடைவிடாது உழைத்து, புதுவதொன்றைச் செய்து காட்டும் நிகழ்ச்சியை இக்காலத்தார் ஹேக்கத்தான் என்று வழங்குகின்றனர். பொறியியற் கல்லூரிகள் பலவற்றில் இஃது ஆண்டு விழாக்களுள் ஒன்றாகவே ஆகிவிட்டது. நிரலாக்கத்தில் நெடுநாட் பயிற்சி உடையார்க்கே இந்நிகழ்ச்சி உரியது என்பதும், புதிதாகப் பயிலத் தொடங்கினோர்க்கு இதன்கண் உள்ள இடம் பின்னாளில் இரங்கி வழங்கப்பெற்றது என்பதும் பலர் கருத்து. அக்கருத்து வரலாற்றொடு பொருந்துமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வாராய்ச்சியில் நாம் புகுந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. தமிழ் கற்பிக்கும் தொழிலினராகிய நாம், நாற்பதைக் கடந்த அகவையில், நான்கு திங்களே பைத்தான் மொழி பயின்ற நிலையில், அத்தகைய நிகழ்ச்சி ஒன்றிற் கலந்துகொண்டோம். ஆங்கு நேர்ந்ததைப் பிற்பகுதியிற் கூறுவோம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். 'ஹேக்' என்னும் சொல்லும் 'மாரத்தான்' என்னும் சொல்லின் ஈற்றுப் பகுதியும் சேர்ந்து ஆகியதே ஹேக்கத்தான். மாரத்தான் என்பது கிரேக்க நாட்டில் ஏதென்சு நகர்க்கு அண்மையிலுள்ள ஓர் ஊரின் பெயர். பெருஞ்சீரகச் செடி மிக்க இடம் என்பது அதன் பொருள் என்பர். கி.மு. 490இல் ஆங்கு நிகழ்ந்த போரின் நினைவாக, 1896இல் ஏதென்சில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டில் நெடுந்தொலை ஓட்டம் ஒன்று சேர்க்கப்பெற்றது. இவ்வாறு இடப்பெயர் தொழிலுக்கு ஆகிவந்தது. பின்னர் ஆங்கிலம் பேசுவோர் அச்சொல்லைத் தம் விருப்பம்போற் பிளந்து, அதன் ஈற்றை 'நெடுநேரம் தொடர்ந்து செய்வது' என்னும் பொருள் தரும் விகுதியாக்கிக்கொண்டனர். 1949இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டும் பொருட்டு நடந்த நெடுநேர நிகழ்ச்சி 'டெலித்தான்' எனப்பட்டது. ஆம்பர்க்கு நகரின் பெயரடியாகப் பிறந்த 'ஆம்பர்கர்' என்னும் உணவுப்பெயர் பிழைபடப் பிரிக்கப்பெற்று, 'பர்கர்' எனத் தனிச்சொல்லாய் வழங்குவதும் இத்தகையதே. மூலமொழியிற் பொருளற்ற அவ்வீறு தமிழர் செவிக்கு 'அத்தான்' என உறவுமுறைச் சொல்லாய் ஒலிப்பது ஒரு விந்தை. அன்றியும், கிரந்த எழுத்தை நீக்கி இச்சொல்லை எழுதப் புகின் 'ஏக்கத்தான்' என்றாகும். முதன்முறை செல்வோர் மனநிலைக்கு அது பெரிதும் பொருந்துமாயினும், பொருள் மயக்கம் கருதி வழக்கிலுள்ள வடிவத்தையே ஈண்டு மேற்கொள்கின்றோம்.

இனி, முற்பகுதியாகிய 'ஹேக்' என்பது ஆராயத் தக்கது. இன்று செய்தித்தாள் படிப்போர்க்கு ஹேக்கர் என்றால் கணினிக் களவு செய்வோன் என்பதே தோன்றும் பொருள். இது சொற்பொருள் இழிபு. அச்சொல் கணினித் துறைக்கு வந்த வழி வேறு. அமெரிக்காவின் மாசாசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில், பொம்மைத் தொடர்வண்டிகளையும் இருப்புப்பாதைகளையும் அமைத்து ஓட்டி மகிழும் மாணவர் மன்றம் ஒன்று 1946 முதல் இயங்கி வந்தது. அம்மன்றத்தின் 1955 ஏப்ரல் மாதக் கூட்டக் குறிப்பொன்று, மின்னமைப்பில் வேலை செய்வோரும் 'ஹேக்' செய்வோரும் உருகி எரிந்துபோகாதவாறு மின்னோட்டத்தை நிறுத்திவிடுமாறு வேண்டுகின்றது. கணினியைப் பற்றிய பேச்சே அக்குறிப்பில் இல்லை. ஆர்வத்தால் ஒன்றைப் பிரித்தும் கூட்டியும் தானே கற்றுக்கொள்ளுதல் என்பதே அந்நாளில் அச்சொல் தந்த பொருள். அவ்வாறு செய்தோர் தொழில் வல்லுநர் அல்லர். பதினெட்டு, இருபது அகவையுடைய மாணவர்.

அம்மன்றத்து மாணவர் கணினியிடம் வந்த கதை நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. 1959இல் ஜான் மெக்கார்த்தி என்னும் அறிஞர் அக்கழகத்து முதலாண்டு மாணவர்க்கும் நிரலாக்கம் கற்பிக்கத் தொடங்கினார். ஆயின், அங்கிருந்த ஐ.பி.எம். 704 என்னும் பெருங்கணினியை மாணவர் தொடவும் இயலாது. துளையட்டைகளிற் பொறித்த நிரலைப் பொறியாளர் கையிற் கொடுத்துவிட்டு, விளைவு வரும்வரை காத்திருத்தல் வேண்டும். கோயிற் கருவறையை வெளிநின்று காண்பார் நிலை அது. 1958இல் லிங்கன் ஆய்வகத்திலிருந்து இரவலாக அக்கழகத்துக்கு வந்த டி.எக்ஸ்.-0 என்னும் கணினி இதனின் வேறுபட்டது. அதன்முன் ஒருவர் தாமே அமர்ந்து, தாள்நாடாவில் தம் நிரலை ஏற்றி, பிழையைக் கண்டவிடத்தே திருத்தலாம். ஜாக் டென்னிஸ் என்பார் முன்பு அத்தொடர்வண்டி மன்றத்தில் இருந்தவர். மன்றத்து மாணவர்க்கு அவர் வாயில் திறந்துவிட்டார்.

பகற்பொழுது ஆராய்ச்சியாளர்க்கு உரியதாயிற்று. மாணவர்க்கு எஞ்சியது இரவு. நள்ளிரவிலும் வைகறையிலும் எவரேனும் தமக்குரிய நேரத்துக்கு வாராதொழியின், அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளும் பொருட்டு அவர்கள் அருகிலேயே காத்துக்கிடந்தனர். ஹேக்கத்தானில் இரவு முழுதும் விழித்திருத்தல் ஒரு சடங்குபோலக் கொள்ளப்படுவதன் வேர் இஃதே என்பது நம் துணிபு. அது வல்லமையின் அடையாளமாகப் பிறந்ததன்று. பொறி அரிதாயிருந்த காலத்தில், உரிமையில்லாத புதியோர்க்குக் கிடைத்த மிச்சப்பொழுது அது. பொறி எங்கும் மலிந்த பின்னும், காரணம் மறைந்து வழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

அதே கழகத்துக்கு 1961இல் பி.டி.பி.-1 என்னும் கணினி வந்தது. அதன்கண் 1962இல் உருவான 'ஸ்பேஸ்வார்' என்னும் விளையாட்டு, ஒருவர் தொடங்கிப் பலர் கூட்டிய பணிக்கு நல்ல சான்று. ஸ்டீவ் ரசல் அடிப்படை நிரலை எழுதினார். பீட்டர் சாம்சன் உண்மையான விண்மீன்களின் நிலையைக் காட்டும் பகுதியை அதனொடு இணைத்தார். பரிசிலோ தீர்ப்பாளரோ அங்கில்லை.

1964ஆம் ஆண்டினதும் குறிப்பிடற்பாலது. டார்ட்மத் கல்லூரியிற் கெமெனி, குர்ட்சு என்னும் கணிதப் பேராசிரியர் இருவர், கலை பயிலும் மாணவரும் கணினியைப் பயன்படுத்தல் வேண்டும் என்னும் கொள்கையால் 'பேசிக்' என்னும் மொழியை வகுத்தனர். அப்பெயரின் முதலெழுத்தே 'தொடக்கநிலையார்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் குறிப்பது. அக்கல்லூரியின் காலப்பகிர்வு முறையை அமைத்ததிற் பெரும்பங்கு இளநிலை மாணவர்க்கு உண்டு. 1964 மே முதல் நாள் வைகறை 4 மணிக்கு இரு முனையங்களில் ஒருங்கே பேசிக் நிரல்கள் ஓடின என்பது பதிவு. மீண்டும் அந்த வைகறை! புதியோர்க்கென்று ஒரு மொழி பிறந்த பொழுதும் அதுவாயிற்று.

ஹேக்கத்தான் என்னும் பெயர் தோன்றியது 1999இல். அவ்வாண்டு சூன் 4ஆம் நாள் கனடாவின் கால்கரி நகரில், ஓப்பன்பி.எஸ்.டி. என்னும் இயங்குதளத்தை ஆக்குவோர் பதின்மர் கூடினர். அமெரிக்க ஐக்கிய நாடு அந்நாளில் மறையீட்டு நிரல்களை வெளிநாட்டுக்கு அனுப்புதற்குக் கடுந்தடை விதித்திருந்தது. அத்தடையின் சிக்கலுக்கு உட்படாமற் பணிசெய்யும் பொருட்டே கனடா தேர்ந்தெடுக்கப்பெற்றது. அத்தடை தளர்ந்தது 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில். ஆகவே, பெயர் பெற்ற முதல் ஹேக்கத்தான் போட்டியன்று. ஒரு சட்டத்தை விலகி நின்று செய்த கூட்டுழைப்பு. அதே சூன் திங்களில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தின் ஜாவா மாநாட்டில், ஜான் கேஜ் வந்திருந்தோரை நோக்கி ஓர் அறைகூவல் விடுத்தார். பாம் 5 என்னும் கையடக்கக் கருவியின் அகச்சிவப்பு வாயில்வழிப் பிறர் கருவியொடு தொடர்புகொள்ளும் நிரலொன்றை எழுதுக என்பது அது. அதுவும் ஹேக்கத்தான் என்றே பெயர் பெற்றது.

'பெயர் பெற்ற நாளில் வல்லோரே கூடினர். எனவே இது வல்லோர்க்கே உரியது' என்று எவரேனும் கூறின், அவர்க்கு நாம் விடையிறுத்தல் வேண்டும். கால்கரியிற் கூடிய பதின்மரும் ஆழ்ந்த பயிற்சியுடையார் என்பதில் ஐயமில்லை. எனினும், ஒன்றன் பெயர் தோன்றிய நாளே அது தோன்றிய நாள் எனல் பொருந்தாது. இலக்கணத்துக்கு முன்னரே இலக்கியம் இருந்தவாறு போல, பெயர்க்கு நாற்பது ஆண்டு முன்னரே இவ்வழக்கம் இருந்தது. அதனை நடத்தியோர் கற்றுக்கொண்டிருந்த மாணவர். 1999இல் நிகழ்ந்தது இடைக்காலத்து ஒரு கிளை. அதன்பின் நிகழ்ந்ததும் இதனையே வலியுறுத்தும். 2009இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மாணவர் தாமே தொடங்கி நடத்திய 'பென்ஆப்ஸ்' முதலாக, ஹேக்கத்தான் மீண்டும் கல்லூரிக்குத் திரும்பிற்று. 2013இல் இத்தகைய மாணவர் நிகழ்ச்சிகளை ஒருங்கிணைக்கும் அமைப்பும் அந்நாட்டில் தோன்றியது.

ஆயின், திரும்பி வந்த ஹேக்கத்தான் போனபடியே வரவில்லை. இடையில் வணிகம் அதன்கட் புகுந்தது. 2010 மே திங்களில் நியூயார்க்கில் 'டெக்கிரஞ்சு' நடத்திய ஹேக்கத்தானில் உருவான 'குரூப்மீ' என்னும் செய்தி நிரலை, 2011இல் ஸ்கைப் நிறுவனம் விலைக்கு வாங்கியது. ஓரிரவில் எழுதியது ஓராண்டிற் பெரும்பொருள் ஆகும் என்னும் எண்ணம் இதனாற் பரவிற்று. பரிசில், தீர்ப்பாளர், சில நிமிடங்களிற் செய்துகாட்டல் என்பன வழக்கமாயின. இந்தியாவில் நடுவண் அரசு 2017இல் தொடங்கிய 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' அமைச்சகங்களின் சிக்கல்களை மாணவர்முன் வைத்து, 36 மணி நேரத் தொடர்பணியாக இறுதிச் சுற்றை நடத்திற்று. குழுவுக்கு அறுவர், அவருள் ஒருவரேனும் பெண் என்னும் அதன் விதி பாராட்டற்குரியது. எனினும் போட்டி என்று வந்தபின், தெரிந்ததை விரைந்து செய்வார்க்கே வெற்றி வாய்க்கும். தெரியாததைக் கற்க வந்தவர் தம் குழுவுக்குச் சுமையோ என்று அஞ்சுவர். பழைய மாணவர் மன்றத்தில் இல்லாத அச்சம் இது.

அவ்வச்சத்தை நாமும் உற்றோம். பொறியியற் கல்லூரி ஒன்றில் 24 மணி நேரம் நடந்த ஹேக்கத்தானில், இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவியர் இருவரும் மாணவர் ஒருவரும் நம்மைத் தம் குழுவிற் சேர்த்துக்கொண்டனர். தமிழ்ச் சொற்களை எழுத்தெண்ணி, அசை பிரித்து, சீரின் வாய்பாடு கூறும் நிரல் ஒன்றை எழுதுவது எம் திட்டம். முற்பகல் முழுதும் கருவி நிரல்களை நம் கணினியில் நிறுவுதலிலேயே கழிந்தது. பிற்பகலில் மூவரும் விரைந்து எழுதலாயினர். நாம் எழுதிய எட்டு வரியிற் பிழை நான்கு. 'ஐயா, நீங்கள் விளக்கவுரையை எழுதித் தாருங்கள். நிரலை நாங்கள் பார்த்துக்கொள்கின்றோம்' என்று மாணவி ஒருத்தி பணிவொடு கூறினாள். அப்பணிவினுள் இருந்த தீர்ப்பை நாம் உணராமலில்லை.

இரவு 10 மணியளவில் அவர்தம் நிரல் முதன்முதலாக ஓடிற்று. 'தமிழ்' என்னும் சொல்லின் எழுத்து 5 என்றது. மூவரும் அடுத்த பகுதிக்குச் செல்ல முற்பட்டனர். 'தமிழுக்கு எழுத்து மூன்றல்லவா?' என்று நாம் வினவினோம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

இதன் காரணம் ஒருங்குறியின் வரலாற்றில் உள்ளது. 1991இல் வெளிவந்த ஒருங்குறி, இந்திய மொழிகட்கெல்லாம் பொதுவாக 1988இல் வகுத்த இந்தியக் குறியீட்டு முறையைப் பின்பற்றித் தமிழுக்கு இடம் வகுத்தது. அம்முறையில் அகரமேறிய 'க' அடிப்படைக் குறி. அதன்மேற் புள்ளி தனிக்குறியாக வந்து சேரும்போது 'க்' ஆகும். தமிழ் இலக்கண மரபோ இதற்கு மறுதலை. புள்ளி பெற்று நிற்பதே மெய்யின் இயல்பு. அகரம் ஏறும்போது புள்ளி நீங்கி உயிர்மெய் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. எனவே, 'தமிழ்' என்பதன்கண் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளைப் பொறி கண்டது. 'க' ஒரு மாத்திரையும் 'க்' அரை மாத்திரையும் பெறும் என்று இருபது ஆண்டாக வகுப்பிற் சொல்லி வந்த நமக்கு, பொறியின் கணக்கில் 'க்' என்பது 'க'வினும் இருமடங்கு என்று கண்டபோது நகையும் வியப்பும் ஒருங்கே தோன்றின. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியொடு 'டேஸ் 16' என்னும் அனைத்தெழுத்து முறையையும் தரமாக ஏற்றது. உயிர்மெய்க்கும் மெய்க்கும் தனித்தனி இடம் தந்த முறை அது. ஆயின் உலக வழக்கில் நிலைபெற்றது ஒருங்குறியே.

மாணவர் விரைவிற் புரிந்துகொண்டனர். உயிர்க்குறியையும் புள்ளியையும் முன்னின்ற எழுத்தொடு சேர்த்து ஒன்றாக எண்ணும்படி நிரலைத் திருத்தினர். 'அம்மா' ஐந்திலிருந்து மூன்றாயிற்று. அதன்பின் குறில், நெடில், ஒற்று என வகைப்படுத்தும் பட்டியலை எம்மையே எழுதச் சொன்னார்கள். நள்ளிரவு கடந்து 2 மணிக்கு நேரசையும் நிரையசையும் திரையிற் பிரிந்து நின்றன. விளக்கவுரை எழுதுவதை அனைவரும் மறந்துவிட்டோம்.

செய்துகாட்டுதற்கெனப் புலவர் பெயர்ப்பட்டியல் ஒன்றை வைகறையில் நாமே தட்டெழுதித் தந்தோம். தீர்ப்பாளர் மூவர் முன்னிலையில் கபிலர், பரணர் என நிரல் செவ்வனே பிரித்து வந்தது. ஔவை வந்தபோது 'புளிமா' என்றது. ஔ நெடில், எனவே நேரசை, வை நேரசை, தேமா ஆதல் வேண்டும். நிரலோ நிரையும் நேரும் கண்டது. பிழை நிரலினதன்று, நம்முடையது. உறக்க மயக்கத்தில் ஔகாரத்தை ஒரே எழுத்தாக இடாது, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டிருந்தோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; பொறிக்கு ஒ, ள என இரு குறில்; குறிலிணை நிரையாயிற்று. ஒகரத்தின்பின் ஔகாரக் கூறு என்னும் தனிக்குறி வரின், ஒருங்குறியின் ஒழுங்குபடுத்தும் விதி அதனை ஔகாரமாக்கிவிடும். மாணவர் அவ்விதியை நம்பியிருந்தனர். ளகரமாகவே இட்டதை அவ்விதி தொடாது. பிழையையும் காரணத்தையும் அவையில் நாமே எடுத்துரைத்தோம். நாற்பதுக்கு மேற்பட்ட குழுக்கள் பங்குகொண்ட அந்நிகழ்ச்சியில் எம் குழுவுக்குப் பரிசில் இல்லை.

தேநீர்க்கடையில் மாணவி தன் கணினியை மீண்டும் திறந்தாள். ஒ, ள என்பன அடுத்து வரின் ஔ எனக் கொள்க என ஒரு வரி எழுதினாள். 'ஒளி' என்னும் சொல்லை இட்டுப் பார்க்குமாறு கூறினோம். ஔகாரத்தின்மேல் இகரக்குறி ஏறி, எம்மொழியிலும் இல்லாத ஓர் உருவம் திரையில் நின்றது. ளகரத்தின்பின் உயிர்க்குறியோ புள்ளியோ வாராதவிடத்து மட்டும் என விதியைச் சுருக்கினோம். ஒளி பிழைத்தது, ஔவை தேமாவானாள்.

அடுத்த கிழமை அவள் ஓர் ஐயம் எழுதியிருந்தாள். இணையத்தில் 'வௌவால்' என்பதைப் பலர் வகர எகரமும் ளகரமும் இட்டே எழுதுகின்றனர். அவற்றையும் இவ்விதியாலேயே மாற்றலாமா, அல்லது அவ்வாறு மாற்றின் கெடக்கூடிய தமிழ்ச்சொல் உளதா என்பது அவள் வினா. எகரமேறிய உயிர்மெய்யின்பின் அகரமேறிய ளகரம் இயல்பாகவே வரும் சொற்களை அகராதியினின்று தொகுத்து வருகின்றோம்.